கறுப்பு நகத்துக்கு அளவு

காஜா ஏன் ஓடுகிறது என்பது தையல்காரனுக்குப் பிடிபடவே இல்லை.

எப்போதும் ஓடினால் அதை ஒரு கணக்கில் சேர்த்துவிடலாம். அப்படியும் இல்லை. காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது முதல் ஆளாய் வந்து கணுக்காலை நக்குவது அந்த நாய்தான். வெட்டும் மேசைக்கு அடியில் விழுகிற துண்டுத் துணிகளைக் காலால் வாரிக் குவித்து, தன்னைத் தானே சுற்றி, அதன்மேல் சுருண்டு படுக்கும். தலைக்கு மேலே பெரிய கத்தரிக்கோல் கறக் கறக்கென்று ஓடினாலும் காதை அசைக்காது. தையல் இயந்திரத்தின் சத்தம் அதற்குத் தாலாட்டு. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று தலையைத் தூக்கும். தையல்காரனின் முகத்தை ஒரு தரம் பார்க்கும். காதுகள் பின்னால் ஒட்டிக்கொள்ளும், வால் கால்களுக்கு நடுவே போகும். அடுத்த நொடி, டக் டக் டக்கென்று நகங்கள் தரையில் அடிக்க ஓடிப்போய் உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி வந்து படுக்கும்.

தையல்காரன் எதையும் குத்துமதிப்பாக விடுகிறவன் அல்ல. இயந்திரம் தையலை விட்டு விட்டுப் போட்டால் எல்லாத் திருகையும் ஒரே நேரத்தில் திருகக்கூடாது என்பது அவன் கொள்கை. முதலில் ஊசியை மாற்றித் தைத்துப் பார். சரியாகவில்லையா, பழைய ஊசியையே போட்டுவிட்டு நூலை மாற்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் கோளாறு எதில் என்று தெரியும். காஜா விஷயத்திலும் அதையே செய்து பார்த்தான். ஒருநாள் கத்தரிக்கோலை ஒளித்து வைத்தான். ஒருநாள் கழுத்தில் தொங்கும் டேப்பைக் கழற்றினான். இயந்திர எண்ணெயின் வாசமாக இருக்குமோ என்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். நகவெட்டியைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் சந்தேகப்பட்டிருந்தான். அது பழைய துணியில் சுற்றிப் பரணில் கிடந்தது. எதற்கும் பலனில்லை. காஜா ஓடுகிற நேரத்தில் ஓடியது.

ஓட்டத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். அதைத்தான் அவனால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

குட்டியாக வந்த புதிதில், இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த ஒரு சட்டையின் முன்பட்டியில், பொத்தானுக்கு இடம் விடுவதுபோல் வரிசையாகக் கடித்து ஓட்டை போட்டது அந்த நாய். "கேக்காமலே காஜா எடுத்துக் குடுத்திருக்கு பாருங்க, எவ்வளவு நல்ல மனசு!" என்று தையல்காரனின் மனைவி சிரித்தாள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

உடம்பெல்லாம் கறுப்பு. முன் இடது பாதம் மட்டும், யாரோ சுண்ணாம்பில் தோய்த்து எடுத்ததுபோல் வெள்ளை. அந்தப் பாதத்து நகங்களும் வெள்ளை. மற்ற மூன்று பாதங்களிலும் கறுப்பு நகங்கள்.

இது பார்க்க அழகு, வெட்டப்போனால் வம்பு. நாயின் நகத்தை ஒரு பென்சில் என்று வைத்துக்கொண்டால், உள்ளே ஓடும் கரிக்குச்சிதான் அதன் உள்சதை. நுனிவரை வராமல் நடுவழியில் நின்றுவிட்ட கரிக்குச்சி. ரத்தமும் நரம்பும் அதற்குள்தான் ஓடுகின்றன. அதற்கு முன்னால் இருக்கும் வெற்று நகத்தை வெட்டினால், நமக்கு முடி வெட்டுவதுபோல நாய்க்கு ஒன்றுமே தெரியாது. உள்சதையைத் தொட்டால் உயிர் போகும். வெள்ளை நகத்தை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தச் சதை ரோஜா நிறத்தில் தெரியும்; எங்கே நிற்கவேண்டும் என்று நகமே சொல்லிவிடும். கறுப்பு நகம் கட்டி வைத்த மூட்டை. உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

அதனால் தையல்காரன் வெள்ளைப் பாதத்தை மட்டும் அவ்வப்போது வெட்டிவிட்டு, மற்ற மூன்றையும் தரையில் தேயட்டும் என்று விட்டிருந்தான். மனைவியும் எச்சரித்திருந்தாள்.

"கறுப்பு நகத்துல மட்டும் கை வெக்காதீங்க. அதை டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்."

"சரி, சரி" என்று அவனும் தலையாட்டியிருந்தான்.

ஆனால் தேயவில்லை. நீண்டு வளைந்தன. காஜா வழுவழுப்பான தரையில் சறுக்க ஆரம்பித்தது. ஒருநாள் மதியம், மனைவி வேலைக்குப் போயிருந்தாள், கடையில் ஆள் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாயை மடியில் போட்டுக்கொண்டான். சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினான். வெள்ளெழுத்து வந்து வெகுநாளாகிறது. வாடிக்கையாளர் முன்னால் போட்டால் 'டெய்லருக்குக் கண்ணு போச்சு' என்று தெரு முழுக்கப் பேசுவார்கள் என்பதால், ஆள் இல்லாதபோது மட்டும்தான் போடுவான். வாசலில் நிழல் தட்டினால் கழற்றிப் பையில் போட்டுவிடுவான்.

வெள்ளை நகங்களை வெட்டி முடித்தான். அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. தையல்காரனைத் தவிர வேறு யாருக்கும் அது வந்திருக்காது.

அளவு கொடுக்க ஆள் வரமுடியாவிட்டால் ஒரு பழைய சட்டையைக் கொடுத்தனுப்புவார்கள். அதை விரித்துவைத்து, அதே அளவுக்குப் புதுத் துணியை வெட்டவேண்டியதுதான். அளவுச் சட்டை என்று அதற்குப் பெயர். இங்கே வெட்டிய வெள்ளை நகம் இருக்கிறதே, அதுதான் அளவுச் சட்டை! டேப்பை வைத்து வெள்ளை நகத்தின் நீளத்தை எடுத்தான். கறுப்பு நகத்தில் அதே நீளத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டான். கறுப்பில் வெள்ளைக் கோடு எவ்வளவு பளிச்சென்று தெரிந்தது! கோடு போட்டபின் தையல்காரன் தயங்கமாட்டான். தயங்கினால் ஓரம் பல்லுப் பல்லாகப் போகும். ஒரே வெட்டு.

காஜா போட்ட சத்தத்தில் மேசைமேலிருந்த நூல் பாபின்கூட உருண்டு விழுந்தது.

கோளாறு எங்கே என்று பின்னால் அவனே கண்டுபிடித்தான். அடிக்கடி வெட்டுகிற நகத்தில் உள்சதை மெல்லப் பின்வாங்கும். வெட்டாமல் விட்ட நகத்தில் அதுவும் கூடவே நீண்டு முன்னால் வரும். ஒரே நாயின் நகங்கள்தான்; ஆனாலும் ஒன்றின் அளவு மற்றதற்கு ஆகாது. தம்பியின் சட்டையை வைத்து அண்ணனுக்குத் தைத்த கதை. அண்ணன் அப்படி வளரக் காரணமும் அவனேதான்.

அந்த நேரத்தில் இதெல்லாம் தோன்றுமா? ஒரு நகத்திலிருந்து இவ்வளவு ரத்தம் வரும் என்று அவனுக்குத் தெரியாது. துண்டுத் துணியால் அமுக்கினான். நின்றதா என்று எடுத்துப் பார்த்தான். மறுபடி வந்தது. மறுபடி அமுக்கினான், மறுபடி எடுத்துப் பார்த்தான். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும், அப்போதுதான் உறைய ஆரம்பித்ததைத் தானே பிய்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது புரியவில்லை. காஜா காலை உதறிக்கொண்டு உள்ளே ஓடியது. நடைக்கதவுவரை சொட்டுச் சொட்டாகச் சிவப்பு.

சத்தம் கேட்டு மாமனார் எழுந்து வந்தார். மனைவியின் அப்பா, பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். இதயத்துக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்தபின் தனியாக இருக்கவேண்டாம் என்று மகள் அழைத்து வைத்துக்கொண்டாள்.

"என்ன மாப்பிள்ளை, நாய் இந்தக் கத்து கத்துது?"

தையல்காரனின் கை நகவெட்டியைத் துணிக்கு அடியில் தள்ளியது. வாய் சொன்னது: "கதவு இடுக்குல கால் மாட்டிக்கிச்சு போல, மாமா."

மாமனாரின் முகம் வெளுத்தது. திரும்பி நடைக்கதவைப் பார்த்தார். கதவருகே ரத்தத் துளிகள்.

"நான்தான இப்பக் கதவைச் சாத்திட்டு வந்து படுத்தேன்?"

'இல்ல மாமா' என்று ஒரு சொல் போதும். அவன் குனிந்து, உருண்டுபோன பாபினைத் தேடி எடுத்தான். அவன் சொன்ன பொய் அரை வரிதான். மிச்சத்தை மௌனம் சொல்லி முடித்தது.

சாயங்காலம் மனைவி வந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். தெருவில் 'ஊசியக்கா' என்றுதான் பெயர். அழுகிற குழந்தையை அவள் பெயரைச் சொல்லி அடக்குவார்கள். காஜாவின் காலில் துணிக்கட்டைப் பார்த்தாள், கதையைக் கேட்டாள்.

"பிரிச்சுப் பாக்கணுமா?" என்று தையல்காரன் கேட்டான்.

"நின்னிருச்சுல்ல? அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்? உறைஞ்சதைப் பிரிச்சுப் பாக்குறவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது." பிறகு அப்பாவிடம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டாள். "அப்பா, கதவைக் கொஞ்சம் பாத்துச் சாத்துங்கப்பா."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தையல்காரனுக்கு இருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கதவுச் சத்தமே கேட்கவில்லை. வேலையில் இருந்த காலம் முழுவதும் பஸ் கதவின் பொத்தான் தன் கையில்தான் இருந்தது என்பதில் மாமனாருக்குத் தனிப் பெருமை. "இறங்குறவங்களோட ஒரு குடைக் கம்பி, ஒரு பை வார்கூட என் கதவுல மாட்டினதில்ல மாப்பிள்ளை" என்று வந்த முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தார். இப்போது கதவைத் திறக்குமுன் குனிந்து கீழே பார்த்தார். சாத்துமுன் இன்னொரு தரம் குனிந்தார். "காஜா, தள்ளும்மா, தாத்தா கதவைச் சாத்தப் போறேன்" என்று, நாய் கடையில் இருக்கும்போதுகூட வெறுந்தரையிடம் சொன்னார். குளியலறைக் கதவைத் தாழ் போடாமல் ஒருக்களித்தே வைத்தார். டீயோடு தரும் பிஸ்கட்டில் பாதி காஜாவுக்குப் போயிற்று, பிறகு முழுசும் போயிற்று.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு தையல்காரன் தைத்தான். தைத்ததைப் பிரித்தான். ஒரு கால்சட்டைக்கு இரண்டு இடது கால்களை வெட்டி வைத்துவிட்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அப்படி உட்கார்ந்திருக்கும்போதும் காஜா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடும். 'உனக்குத் தெரியும், உனக்கு மட்டுந்தான் தெரியும்' என்று அவனுக்குத் தோன்றும்.

அந்தக் கறுப்பு நகங்களால்தான் வினை வந்தது. ஒரு காலை மாமனார் பிஸ்கட்டை உயர்த்திப் பிடிக்க, காஜா எகிற, நீண்ட நகமொன்று அவர் முன்கையில் மேலிருந்து கீழாகக் கோடு இழுத்தது. ஆழமில்லை. ஆனால் அவர் சாப்பிடுவது ரத்தத்தை இளக்கி வைக்கிற மாத்திரை. மனைவி பஞ்சை வைத்து அமுக்கினாள். எடுத்தே பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, அமுக்கிய விரலை அசைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்படித்தான் அமுக்கவேண்டும் என்பதைத் தையல்காரன் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தான்.

ரத்தம் நின்றபின் அவள் பேசினாள். "நகத்தை வெட்டணும். இல்ல, நாயை அனுப்பணும். இன்னைக்குக் கை. நாளைக்குக் கண்ணுன்னா என்ன பண்றது? ஞாயித்துக்கிழமை அண்ணன் வண்டி எடுத்துட்டு வரட்டும். அவன் குடோன்ல கட்டி வெச்சுக்கட்டும்."

மச்சானின் குடோனை அவனுக்குத் தெரியும். வாசலில் ஒரு இரும்புத் தூண், அதில் சங்கிலி. அங்கே தலை தடவ யாரும் வரமாட்டார்கள்.

"அது மேல தப்பில்லம்மா" என்றார் மாமனார். "காலை நசுக்கினவன் கையைக் கீறாம விடுமா?"

தையல்காரன் எழுந்து கடைப்பக்கம் போய்விட்டான்.

அன்றைக்கே காஜாவைத் தூக்கிக்கொண்டு விலங்கு மருத்துவமனைக்குப் போனான். பாதத்தைத் தொட்டதும் அது போட்ட கூச்சலில், காத்திருந்த பூனைகளெல்லாம் கூடைக்குள் பதுங்கின. வாய்க்கட்டுப் போட்டுத்தான் டாக்டரம்மா அந்தக் காலைப் பார்க்க முடிந்தது.

"என்ன ஆச்சு?"

"கதவுல மாட்டிக்கிச்சுங்க."

அவர் நகத்தை வெளிச்சத்தில் திருப்பினார். "கதவுல மாட்டினா நகம் நசுங்கும், பிளக்கும். இது டேப் வெச்சு வெட்டின மாதிரி நேரா இருக்கே?"

"நான் டெய்லருங்க" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"தெரியுது" என்றார் டாக்டரம்மா. அதற்குமேல் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவனைச் சுட்டது.

கறுப்பு நகத்தை எப்படி வெட்டுவது என்று அவர் ஒரு பென்சிலை எடுத்துக் காட்டிச் சொன்னார். கோடு போட்டு ஒரே வெட்டாக வெட்டவே கூடாது. அட்டைத் தடிமனுக்கு ஒரு சீவல். சீவியதும் வெட்டுவாயைப் பார்க்கவேண்டும். உலர்ந்து வெளிறி இருந்தால் இன்னொரு சீவல் போகலாம். நடுவில் கறுப்பாக, ஈரமினுக்கோடு ஒரு புள்ளி தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிடவேண்டும். அதற்குப் பின்னால் இருப்பது உள்சதை. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினால் அந்தச் சதையும் பின்னால் போகும், நகமும் குட்டையாகும். தவறிப்போய் ரத்தம் வந்தால், சமையலறையில் இருக்கிற சோளமாவில் நகத்தை அழுத்தி, சுத்தமான துணியால் ஐந்து நிமிஷம் இறுக்கிப் பிடிக்கவேண்டும்.

"நடுவுல எடுத்துப் பாக்கக்கூடாது. அப்புறம் நக்க விடக்கூடாது, ஓட விடக்கூடாது. அரை மணி நேரம் ஆகியும் நிக்கலேன்னா தூக்கிட்டு ஓடி வாங்க."

"இப்ப நீங்களே வெட்டிவிட முடியாதுங்களா?"

"மயக்க ஊசி போட்டு வெட்டலாம். அடுத்த தடவையும் மயக்க ஊசியா? அது தானாக் காலைக் குடுக்கணும். பாருங்க, அன்னைக்கு அங்க இருந்த ஏதோ ஒண்ணு இதுக்கு மனசுல பதிஞ்சிருக்கு. அது என்னன்னு கண்டுபிடிங்க. வீட்டுல இருக்கிறவங்களைக் கேளுங்க. உங்க கண்ணுல படாதது அவங்க கண்ணுல பட்டிருக்கும்."

கேட்கலாம். ஆனால் கேட்கவேண்டுமென்றால், 'அன்றைக்கு' என்பது என்ன என்று முதலில் சொல்லவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவன், மாற்றாமல் விட்டது, தான் சொன்ன அந்தப் பொய் ஒன்றைத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் கடையை மூடிவிட்டு உள்ளே வந்தபோது, மாமனார் கட்டில்மேல் பையைத் திறந்துவைத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். மனைவி கதவருகே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்க. அண்ணன் வண்டியில இவரு போறாராம்."

"தப்பு பண்ணினவன் நான். நான் இங்க சொகுசா உக்காந்திருக்க, அது போய்த் தூண்ல கட்டிக் கிடக்கணுமா?" மாமனார் ஒரு சட்டையை மடித்து வைத்தார். "நான் போறேன். அது இருக்கட்டும். வயசாச்சு மாப்பிள்ளை, கை தானாக் கதவைச் சாத்துது, கண்ணு பாக்க மாட்டேங்குது. இப்படி ஒரு ஆள் வண்டியில உக்கார லாயக்கில்ல, வீட்டுலயும் உக்கார லாயக்கில்ல."

காஜா பைக்குப் பக்கத்தில், பையிலிருந்து தொங்கிய துண்டின்மேல் தலைவைத்துப் படுத்திருந்தது.

"மாமா, கதவு இல்ல" என்றான் தையல்காரன்.

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

"நான்தான். கறுப்பு நகத்தை நான்தான் வெட்டினேன். அளவு வெச்சு வெட்டினேன். ரத்தம் வந்துருச்சு. நீங்க வந்து கேட்டீங்க, வாயில கதவுன்னு வந்துருச்சு. கதவுல எதுவும் மாட்டல மாமா."

"நான் சாத்தினப்ப?"

"நீங்க சாத்தினப்ப அது என் மடியில இருந்துச்சு."

மாமனார் தன் கைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை. "இத்தனை நாளும் கண்ணை மூடினா அந்தக் கதவைத்தான் நான் சாத்திக்கிட்டே இருந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால் தையல்காரனால் நிமிர முடியவில்லை. "கொஞ்சம் வெளிய போறீங்களா ரெண்டு பேரும்?"

போனார்கள். பின்னால் மாமனார் கதவைப் படாரென்று சாத்தினார். குனிந்து பார்க்காமல், யாரையும் தள்ளச் சொல்லாமல். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் கதவுச் சத்தம் அது.

நடையில் நின்று மனைவி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நாள் முழுக்க ஊசி குத்துறவ நான். நான்கூட 'கொஞ்சம் வலிக்கும்'னு உண்மையைச் சொல்லிட்டுத்தாங்க குத்துவேன்." மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கண் கலங்கிவிட்டது. சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை வேண்டியதற்குமேல் சத்தமாக அடுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி வர நேரம் இருந்தது. தையல்காரன் வெறுமனே இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். மாமனார் நடையிலிருந்த தன் நாற்காலியைக் கடைக்குள் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு வெட்டுறப்ப மூக்குக்கண்ணாடி போட்டிருந்தீங்களா?"

'மாப்பிள்ளை' என்ற சொல் அந்தக் கேள்வியில் இல்லை. தையல்காரன் அதைக் கவனித்தான்.

"போட்டிருந்தேன் மாமா."

"நடையில என் நாற்காலியிலேர்ந்து பாத்தா, சட்டை போட்டுப் பாக்குற அந்த ஆளுயரக் கண்ணாடியில உங்க மேசை முழுசும் தெரியும். டிரைவருக்கு எதிர்ல ஒரு கண்ணாடி இருந்தா பாக்காம இருக்க முடியாது. ஆள் இல்லாதப்ப பையிலேர்ந்து எடுத்து மாட்டுவீங்க. மாட்டின உடனே நாய் எந்திரிச்சு ஓடிவரும். என்னைத் தாண்டுறப்ப காதை மடக்கிட்டுப் போகும். நான், என்னைப் பாத்துத்தான் ஓடுதுன்னு நெனச்சேன்." நிறுத்திக்கொண்டார். "மனசுல குத்தம் இருந்துச்சா, ஓடுறது தெரிஞ்சுது. எதைப் பாத்து ஓடுதுன்னு தெரியல."

தையல்காரன் சட்டைப்பையில் கைவைத்தான். மேசைக்கு அடியில் காஜா தூங்கிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினான். காஜா தலையைத் தூக்கியது, பார்த்தது, டக் டக் டக்கென்று ஓடியது. கழற்றிப் பையில் போட்டான். சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்தது. மறுபடி மாட்டினான். மறுபடி ஓடியது. கத்தரிக்கோலையும் டேப்பையும் எண்ணெயையும் மாற்றிப் பார்த்தவன், தன் மூக்கின்மேல் இருந்ததை மாற்றிப் பார்க்கவில்லை. அதன் வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, கோபத்தையும் மீறிச் சிரித்துவிட்டாள். "போட்டா வயசு தெரியும்னு தெருவுக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சதுதான? நாய்க்குத் தெரிஞ்சிருக்கு."

"ஆனா, இதைப் போடலேன்னா எனக்கு நகம் தெரியாதே" என்றான் தையல்காரன். "போட்டா நாய் இருக்காது. போடலேன்னா கண்ணு இருக்காது."

மாமனார் தன் மூக்குக்கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். அவர் எழும்போது போட்டால் படுக்கும்போதுதான் கழற்றுவார். அது இல்லாத முகத்தை காஜா பார்த்ததே கிடையாது. ஒருநாளும் அதற்குப் பயந்ததும் இல்லை.

"எனக்குக் கண்ணு இருக்கு" என்றார். "கை நடுங்கும். உங்களுக்குக் கை இருக்கு."

பரணிலிருந்து நகவெட்டி இறங்கியது. ஒரு கிண்ணத்தில் சோளமாவு வந்தது. தையல்காரன் வெறும் கண்ணோடு தரையில் உட்கார்ந்து காஜாவை மடியில் இருத்திக்கொண்டான். எதிரே நாற்காலியில் மாமனார் முன்னால் சாய்ந்தார். காஜா அவரைப் பார்த்தது, இவனைப் பார்த்தது, இருந்த இடத்திலேயே இருந்தது. தையல்காரன் நாயின் நகநுனிக்கு ஒரு அட்டைத் தடிமன் பின்னால் தன் கட்டைவிரல் நகத்தை அணைகொடுத்து நிறுத்தினான். அதைத் தாண்டி நகவெட்டி உள்ளே போகமுடியாது. காஜாவின் கால் நடுங்கியது. முதல் சீவல் விழுந்தது. மனைவி பிஸ்கட்டை நீட்டினாள்.

மாமனார் குனிந்து வெட்டுவாயைப் பார்த்தார். "வெளுப்பு. ரைட்."

இன்னொரு சீவல்.

"ரைட்."

இன்னொன்று.

"நிறுத்து! புள்ளி தெரியுது."

அவன் நிறுத்தினான். ரத்தம் இல்லை. வாசலில் மச்சானின் வண்டி ஹாரன் அடித்தது. மனைவி எழுந்து போனாள். "டீ குடிச்சிட்டுப் போண்ணே. ஏத்துறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று அவள் சொல்வது கேட்டது.

"நாளைக்கு அடுத்த நகம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமனார் உள்ளே போனார். கதவை, முன்பெல்லாம் சாத்துகிறமாதிரி, குனிந்து பார்க்காமல் சாத்திக்கொண்டார்.

அந்த வீட்டில் கறுப்பு நகம் வெட்டுவது இனி இப்படித்தான். வெட்டுகிறவன் மூக்குக்கண்ணாடி போடக்கூடாது. அது காஜா பழகும்வரை அதன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கட்டும். பார்ப்பவர் மாமனார். அட்டைத் தடிமனுக்கு மேல் சீவக்கூடாது. ஒவ்வொரு சீவலுக்கும் அவர் 'ரைட்' சொல்லவேண்டும். நடுவில் கரும்புள்ளி தெரிந்ததும் அவர் 'நிறுத்து' என்பார், நிறுத்தவேண்டும். ரத்தம் வந்தால் சோளமாவு, இறுகிய பிடி, எடுத்துப் பார்க்கக்கூடாது. ஒரு நாளைக்கு ஒரு நகம். ரத்தம் வந்தால் வந்ததென்று வீட்டில் எல்லாருக்கும் அப்போதே சொல்லிவிடவேண்டும்.